அண்ணன் அனுப்பிய டப்பா

“நான் சொருவுனா செத்துக் கெடக்குது, என் தங்கச்சி சொருவுனா மட்டும் அந்த டப்பாவுக்கு உசுரு வருதுடீ!”

பெரிய மார்க்கெட்டில் ஏறிய இரண்டு மீன்காரப் பெண்களில் மூத்தவர் இப்படிச் சொன்னதும் ஷேர் டெம்போவே திரும்பிப் பார்த்தது. போனை டிவியோடு இணைக்கும் ‘ஹப்’ என்ற சின்ன டப்பா ஒன்றை பிரான்சிலிருக்கும் அண்ணன் அவருக்கு அனுப்பியிருக்கிறார்.

“சார்ஜர் குடுத்துப் பாத்தியாக்கா?”

“குடுத்தேன். ஒயர மாத்துனேன். போன ஆப் பண்ணிப் போட்டேன். டிவி கறுப்பாவே நிக்குது. அவ வூட்டுல கொண்டுபோய்ப் போட்டா, அண்ணன் வீடியோ கால்ல ஆளு மாதிரி பெருசாத் தெரியறான். என் வூட்டுல உள்ளங்கை அளவு.”

இளையவர் மூத்தவரின் போனை வாங்கிப் புரட்டினார்.

“டப்பா மேல தப்பு இல்லக்கா. என் போனும் இதே மாடலுதான். இதுல டிவிக்குப் படம் போற வசதியே கெடயாது. அவ போன்ல இருக்கும்.”

“அவளோட அந்தப் போனும் அண்ணன் அனுப்புனதுதான்.”

இளையவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப டப்பாவையும் அவகிட்டயே குடுத்துடேன்.”

மூத்தவர் டப்பாவை வைத்திருந்த இடுப்புச் சுருக்குப்பையை இறுக்கிக்கொண்டார்.

“குடுத்துட்டா? அண்ணன் அவ வூட்டோடயே இருந்துடுவான்.”