நாலாயிரம் பாட்டிலில் ஒரு கிழங்கில்லை

— கையெழுத்து போட மாட்டேன் சார். செய்யாத தப்புக்கு நான் இன்னாத்துக்கு போடணும்?

— பட்டு, நான் நியாயமாத்தான் பேசறேன். நாலாயிரம் பாட்டில், அறுபது நாள். பாத்தா ஒரு உருளைக்கிழங்கு இல்ல. இருட்டு ரூமைப் பாத்துக்கறது உன் வேலையா, என் வேலையா?

— என் வேலைதான். அதுக்காவ நான் லைட்ட போட்டேன்னு நீயா எழுதிக்குவியா? யாரு பாத்தது?

— பாக்கணுமா? செடியெல்லாம் கொடி மாதிரி நீண்டு நிக்குது. மிருதுளா, நீயே சொல்லும்மா. இந்த லேபுக்கு சயின்டிஸ்ட் நீதானே.

— ஆக்சுவலா, உள்ள வெளிச்சம் புகுந்தாலும் இப்படி ஆகலாம் சாம்பசிவன் சார். வேற காரணமும் இருக்கலாம். பட்டு அக்கா பண்ணினதுன்னு நான் சொல்லவே இல்ல.

— இருக்கலாம், இருக்கலாம்னா ஊட்டி நர்சரிக்காரர் ஒத்துக்குவாரா? பட்டாணி சைஸ்ல, நோயே இல்லாத விதைக்கிழங்கு தரேன்னு வாக்கு குடுத்தாச்சு. இப்ப என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?

— அதுக்கு என் மூஞ்சில கரி பூசுவியா? தோ பாரு சார். பல்லாவரத்துலேந்து ரெண்டு பஸ் மாறி வரேன். வந்து குளிச்சி, வேற துணி மாத்தி, கையில ஸ்பிரிட் தடவிக்கினுதான் பாட்டில தொடுவேன். தலையில பூ வச்சா பாட்டில்ல பூஞ்சை புடிச்சிடும்னு இந்தம்மா சொல்லிச்சி. ஆறு வருசமா ஒரு முழம் பூ வச்சதில்ல. என் பொண்ணு கல்யாணத்துக்கு கூட, மறுநாள் வேலை கீதுன்னு வச்சிக்கல. என்னியப் போயி.

— பொலம்பாதே. கையெழுத்தைப் போட்டுட்டு கிளம்பு.

— அக்கா, அழாதீங்க.

— யாரு அழுவுறா? வயிறு எரியுது. இந்த கடுதாசி இருந்தா நாளைக்கு தாம்பரத்துல எந்த லேபுக்காரன் என்னிய சேப்பான்? பாட்டிலுக்குள்ள கத்திய வுட்டு, செடிய கணு கணுவா நறுக்கி நடத்தான் இந்த கைக்கு தெரியும். வேற இன்னா தெரியும் எனக்கு?

— சார், இது அநியாயம். லைட்டை போட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. அந்த ரூம்ல லைட்டே இல்ல. டியூப்லைட்டை கழட்டி வச்சதே நான்தான்.

— அப்ப கதவைத் திறந்து போட்டிருப்பா.

— தெறக்கல. கதவாண்ட வெளியில மாட்டிகீற மீட்டர பாப்பேன். காலையில எட்டு மணிக்கு வந்ததும் ஒருவாட்டி, சாயங்காலம் ஆறுக்கு கெளம்பசொல்ல ஒருவாட்டி நோட்டுல எழுதுவேன். எப்ப பாத்தாலும் பதினெட்டு டிகிரி. நீயே எடுத்து படி.

— நான் படிச்சேன் சார். இருட்டும் குளிரும் ராப்பகலா விடாம இருந்தாதான் செடி கிழங்கு வைக்கும். இந்த வெயில் காலத்து சூடு உள்ள ஏறிச்சுன்னா வெறும் செடியாத்தான் வளரும், கிழங்கு வைக்கவே வைக்காது. அக்கா ஒரு நாள் கூட தவறல. இவங்களைப் போய் பொறுப்பில்லாதவங்கன்னு எப்படி சொல்றீங்க?

— பொறுப்பு! பொறுப்பைப் பத்தி ரெண்டு பேரும் எனக்குச் சொல்றீங்களா? ஆறு மணி அடிச்சா பையைத் தூக்கிட்டுப் போயிடறீங்க. ஆளே இல்லாத அந்த இருட்டு ரூம்ல ஏசி அதுபாட்டுக்கு ஓடுது. இந்த முட்டியை வச்சுக்கிட்டு தினமும் நான்தான் மாடியேறி வந்து அதை அணைக்கறேன். விடிகாலைல அஞ்சு மணிக்கு எழுந்து, நீங்க வர்றதுக்குள்ள திரும்பப் போட்டும் வைக்கறேன். அறுபது நாளா இதைப் பண்றேன், ஒரு தடவையாவது உங்ககிட்ட சொல்லிக் காட்டியிருக்கேனா?