எட்டு இல்லாத எண்

— எட்டு விட்டுப்போச்சுன்னு நானே சுவத்துல பெயிண்டால சேர்த்து எழுதிட்டேன் டீச்சர். ஒன்னுலேருந்து ஒன்பது வரைக்கும் வரிசையா வருது, நடுவுல ஒன்னைக் காணோம். பார்த்துட்டு சும்மா இருக்க முடியுமா?

— விட்டுப்போகல அண்ணே. நான் எழுதிக் கொடுத்தது 12345679. அதுல எட்டே கிடையாது.

— கணக்கு டீச்சர் மானத்தைக் காப்பாத்திட்டோம்னு ஏணியிலேயே உட்கார்ந்து ஒரு டீ குடிச்சேன் பாருங்க.

— ஒன்னுலேருந்து ஒன்பதுக்குள்ள ஏதாவது சொல்லுங்க.

— அஞ்சு.

— அஞ்சை ஒன்பதால பெருக்கினா நாற்பத்தஞ்சு. என் எண்ணை நாற்பத்தஞ்சால பெருக்கினா அஞ்சு மட்டும் ஒன்பது தடவை வரும். நீங்க மூணு சொல்லியிருந்தா இருபத்தேழால பெருக்குவேன். எல்லாம் மூணா வரும்.

— அட. இப்ப, எட்டோட?

— அஞ்சு எட்டு தடவை வந்ததும் ஒரு சைபர் நுழையுது. அப்புறம் மறுபடி அஞ்சு.

— நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டுக்குது, விடுங்க.

— சிரிக்காதீங்க. பத்து மணிக்கு தலைமையாசிரியர் வர்றார். அவர் ஒரு எண் சொல்வார், நான் இந்தச் சுவரைக் காட்டிப் பெருக்கணும். சரியா வந்தா இது கணக்கு அறை. சொதப்பினா பழையபடி உடைஞ்ச பெஞ்சு போடுற அறை. அவரே சொல்லிட்டார். ஈரமாத்தானே இருக்கு, எட்டைத் துடைச்சிடுங்க.

— அது மட்டும் கேட்காதீங்க. இருபத்திரண்டு வருஷத்துல எழுதின எதையும் இந்தக் கை துடைச்சதில்லை. அதிலயும் அந்த எட்டைப் பாருங்க, இடுப்பு எப்படி விழுந்திருக்கு.

— எட்டுக்கு இடுப்பா?

— எட்டுக்குத்தான் இடுப்பு. ஏழுக்கு ஏது?

— இருபது நிமிஷம்தான் இருக்கு. சரி, உங்க எட்டை வச்சு ஏதாவது செய்ய முடியுமான்னு கரும்பலகையில போட்டுப் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் பேசாதீங்க.

— வாயை மூடிட்டேன்.

— ரெண்டால... ம்ஹூம். ஏழால... இல்லை. எட்டால... அண்ணே, இருக்கீங்களா?

— எங்கே போகப் போறேன்.

— எட்டால பெருக்கினா 987654312. கடைசி ரெண்டு மட்டும் இடம் மாறி நிக்குது. ஒன்பதைக் கூட்டினா அதுவும் சரியாயிடுது. 987654321. வரிசை அப்படியே தலைகீழா வருது.

— ம்.

— இதையே காட்டிடுறேன். தலைமையாசிரியர் வரட்டும். உங்க எட்டு பத்திரமா இருக்கட்டும் அண்ணே, எதையும் துடைக்க வேண்டாம்.

— கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம் டீச்சர். நீங்க முதுகைக் காட்டிட்டு நின்னப்பவே துடைச்சிட்டேன். எட்டு எங்கேன்னு அவர் கேட்டா, கரும்பலகையைக் காட்டுங்க.