கட்டிலுக்கு அடியில் ஒரு திருகாணி

— இன்னாங்க, எவ்ளோ நேரம் கட்டிலுக்கு அடியிலயே இருப்பீங்க?

— திருகாணி தேடறன் ஜெனி. உன் தோட்டுத் திருகாணி.

— ரெண்டும் என் காதுலதான் இருக்குது.

— அப்ப பழைய திருகாணி.

— முந்தாநாளு குக்கர் விசிலுக்குப் பேனா மூடி தேடினீங்க. நேத்து எவனோ கதவ அறைஞ்சதுக்கு ஊக்கு. லீவுல வந்து ஒம்போது நாளு, வூட்ல தொலையாத சாமானே இல்ல.

— மிலிட்டரிக்காரன் வூட்ல ஒரு ஒழுங்கு வேணாமா?

— எதிர்வூட்டு தீனதயாளன் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. சரவெடி கொளுத்தறாங்க. குண்டு இல்லீங்க. இது காஷ்மீரு இல்ல, வடக்கனந்தலு.

— எனக்குத் தெரியும்டி. இந்த உடம்புக்குத்தான் தெரியல. சத்தம் கேட்டா தானா கீழ பூந்துடுது. பயமா இருக்குது ஜெனி.

— அதான் நாளைக்குக் கள்ளக்குறிச்சி போயி மனநல டாக்டரப் பாப்பம்னு கெஞ்சறன்.

— அப்பாவுக்குத் தெரிஞ்சா? கார்கில்ல நின்னவரு! ஊரே வெடி வெடிச்சாலும் அசராம கரும்புக்குத் தண்ணி கட்டப் போறவரு. இப்பகூட மோட்டார் கொட்டாயிலதான இருக்காரு? அவரு புள்ள டாக்டர்கிட்டப் போனா மூஞ்சிய எங்க வெச்சிக்குவாரு?

— திருவிழா, தீபாவளி, கல்யாணம், எது வந்தாலும் மாமாவுக்குக் கரும்பு காஞ்சிபூடுது. போன தீபாவளிக்கு அடைமழ. அப்பவும் மோட்டாரு போட்டாரு!

— அதாண்டி கடம.

— கட்டிலுக்கு அடியில படுத்துக்கினு கடமயப் பத்திப் பேசாதீங்க.

— ஐயோ, அப்பா செருப்பு சத்தம்! போர்வைய இழுத்துவுட்டு மறைச்சிடு!

— வாங்க மாமா. இன்னா இப்படி மூச்சு வாங்குது?

— கரண்டு பூட்ச்சும்மா. மோட்டாரு ஓடல. அது ஓடலன்னா வெடிச் சத்தமெல்லாம் கேக்குது. சாம் எங்க?

— அவரு... கடைக்குப் போயிருக்காரு மாமா.

— நல்லதாப் போச்சி. மாதாவே, அடுத்த சரத்துக்கு நெருப்பு வெச்சிட்டானுங்க! நவுரும்மா!

— மாமா, அங்க வேணாம்! கட்டிலுக்கு அடியில...

— அப்பா! நான் சும்மா... திருகாணி தேடறம்பா!

— மறைச்சிப் பிரயோஜனம் இல்ல மாமா. நாளைக்கு இவர மனநல டாக்டர்கிட்டக் கூட்டிக்கினு போறன். நீங்க திட்டினாலும் சரி.

— தள்ளிப் படுடா சாம், என் காலு வெளிய நிக்குது. கார்கில்லேர்ந்து வந்த நாளா நானும் அந்தத் திருகாணியத்தாண்டா தேடிக்கினு இருக்கறன். ஜெனிபரு, டாக்டர்கிட்ட ரெண்டு சீட்டாப் போட்டுடும்மா.