அழித்தும் கூடாத இடம்

பாரிஸின் புறநகர் இஷொய்யில் ரயில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் என் எதிரே அமர்ந்தார்கள். இளையவர் முகத்தில் எரிச்சல்.

"மகளின்ர சாமத்திய வீட்டு வீடியோ முழுக்க அழிச்சிட்டன் அக்கா. கம்ப்யூட்டரில இடம் கொஞ்சமும் கூடேல்லை."

"ஏன் அழிச்சனீ?"

"வெட்கமாக் கிடக்கு, ஒருத்தரும் பாக்கக்கூடாது எண்டு அவள் அழுதவள்."

மூத்தவர் யோசித்தார். "கம்ப்யூட்டர் தானா ஸ்னாப்ஷாட் எண்டு அண்டண்டைக்கு ஒரு பிரதி எடுத்து வைச்சிருக்கும். நீ அழிக்க முந்தி இருந்ததெல்லாம் அதுக்குள்ள அப்பிடியே கிடக்கும். அதையும் அழிச்சாத்தான் இடம் வரும்."

"அப்ப வீடியோ இன்னும் இருக்கோ?"

"ஓம், திருப்பி எடுக்கலாம். ஸ்னாப்ஷாட்டை அழிக்கிறது எப்பிடியெண்டு காட்டித் தரவோ?"

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில் அடுத்த நிலையத்தில் நின்று புறப்பட்டது.

"இடத்துக்கு இப்ப என்ன அவசரம், விடுங்கோ அக்கா."