கம்பியில் கட்டிய மஃப்ளர்

...இல்லங்க, நீங்களே சொல்லுங்க. காலைலேர்ந்து ஒரு வார்த்த பேசியிருப்பாளா? அதோ, அந்தப் பக்கத்து ஜன்னலோரம், பச்சக் கோட்டு. அவதான். ரோஸ்விதா. என்னோட வந்தவங்க அவ! எதிரெதிர் சீட்டா பாத்து நான்தான் எடம் போட்டேன். வியன்னாவுல ரயில் கெளம்பினதும் விசுக்குனு எந்திரிச்சு அங்க போயி உக்காந்துட்டா. நல்லவேள, நீங்க வந்தீங்க. இல்லன்னா காலி சீட்டோட மூஞ்சியப் பாத்துக்கிட்டே லியோபன் வரைக்கும் போயிருப்பேன். நீங்க எதுவரைக்கும்? கிளாகன்ஃபுர்ட்டா? அப்ப எனக்கப்புறம்தான் எறங்குவீங்க. நல்லதாப் போச்சு.

தொண்ட கட்டிக்கிச்சாம். கட்டட்டுமே, தொண்ட கட்டினா தலைய ஆட்டக்கூடாதுன்னு சட்டமா? 'காபி வேணுமாடி'ன்னு கேக்குறேன், மலையப் பாக்குறா. மலை என்ன, நேத்திக்குத்தான் வந்துதா?

இந்தப் பயணமே யாருக்காகங்கிறீங்க? அவளுக்காகத்தான். நாளன்னிக்கு ஞாயித்துக்கிழம எங்க சர்ச்சுல மெழுகுவத்தித் திருநாள். பூசைல ஒரு தனிப்பாட்டு உண்டு. பாடகர் குழுவுல நானும் அவளும் பாவாட போட்ட காலத்துலேர்ந்து பக்கத்துப் பக்கத்துல நிக்கிறோம். தனிப்பாட்டுன்னா மட்டும் வெளியூர்லேர்ந்து சங்கீதம் படிச்ச பாடகி ஒருத்திய வரவழைப்பாங்க. நாங்க பின்னால 'ஆ...'ன்னு இழுத்துக்கிட்டு நிக்கணும். இந்தத் தடவ குழு நடத்துற அலோய்ஸுக்கு என்ன தோணுச்சோ, 'நம்ம ரோஸ்விதாவே பாடட்டும்'னுட்டாரு. இவ கறிக்கடைல வேல பாக்குறவ. பன்றித்தொட நறுக்கிட்டிருந்தவ அப்பிடியே கத்திய வெச்சிட்டு அழுதாளாம். வாழ்நாள் பூரா இதுக்குத்தான் காத்திருந்தேன்னாளாம். எனக்கு சந்தோசம். ஏங்க, எனக்கு சந்தோசம் இருக்காதா? ரொம்ப சந்தோசம். 'வாடி, அதுக்கு முன்னால வியன்னாவுக்குப் போயி பெரிய பாட்டா ஒண்ணு கேட்டுட்டு வருவோம், உனக்கு தைரியம் வரும்'னு கெளப்பினவளே நான்தான்.

வந்தாளே மகராசி! மூக்கு வரைக்கும் மஃப்ளர். அவளே பின்னினது, சாம்பக் கலர்ல, போர்வ அகலம். கண்ணு மட்டும் வெளிய தெரியுது. ஷோன்ப்ருன் தோட்டத்துல நடக்குறோம், 'அந்தச் செலைக்கு மூக்கே இல்ல பாருடி'ங்கிறேன், 'ம்'. ஸ்டெஃபான் கோபுரத்துல மூச்சு வாங்க ஏறி நிக்கிறோம், ஊரே கீழ வெள்ளவெளேர்னு கெடக்கு, 'ம்'. வாயத் தொறந்தா குளிர் உள்ள போயி கொரல் கெட்டுருமாம்! ஆப்பிள் ஸ்ட்ரூடல் வந்தா மேல இருக்கிற க்ரீம என் தட்டுல வழிச்சுப் போடுறா. சளி கட்டுமாம். நான் வேணாம்னு சொல்லல, அது வேற விஷயம். ஆனா பக்கத்துல ஒருத்தி சேஜ் மூலிக எல டீயில தேன விட்டு நோயாளி மாதிரி உறிஞ்சிக்கிட்டே இருந்தா, நமக்குத் தின்னது ஒட்டுமா, சொல்லுங்க?

...டனல். இந்த செமெரிங் மல ஏறினாலே எனக்குக் காது அடைச்சுக்கும். ஏதாச்சும் சொன்னீங்களா? இல்லயா? சரி.

நேத்து சாயங்காலம் ஆப்பரா. நின்னு பாக்குற எடம்தான், நமக்கு அது போதும். அங்கத்து வழக்கம் தெரியுமில்ல? நிக்கப்போற எடத்துக் கம்பியில மஃப்ளரக் கட்டிட்டா எடம் நம்முது. மந்திரியே வந்தாலும் தள்ளித்தான் நிக்கணும். என் கழுத்துல இருந்தது பட்டு. எங்க அக்கா இத்தாலிலேர்ந்து கொண்டாந்தது. அதக் கட்டினா கசங்கிராது? அதான், 'உன்னுதக் குடுடி, நீளமா இருக்கு, ரெண்டு பேரு எடத்துக்கும் ஆகும்'னேன். கழுத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா, நான் என்னமோ கழுத்தையே கழட்டிக் கேட்ட மாதிரி! 'ஹெட்விக், இது வேண்டாமே'ங்கிறா. சூடு போட்ட கட்டடத்துக்குள்ள எதுக்குடி மஃப்ளர்? நானே அவுத்து, நானே கட்டினேன். நல்லா, கெட்டியா.

ஆரம்பிக்க நேரம் கெடந்துது. எனக்கோ பசி. வெளிய, பின்பக்கம் தெருமுனையில தொத்திறைச்சிக் கட இருக்கில்ல? வாசன உள்ள வரைக்கும் வருதுங்க. கோட்டெல்லாம் உள்ள நுழையுறப்பவே வாங்கி வெச்சுட்டாங்க, திரும்பக் கேட்டா அதுக்கொரு வரிச. 'ரெண்டு எட்டுடி, ஓடிட்டு ஓடியாந்துரலாம்'னேன். 'நீ போ, நான் இங்கயே நிக்கிறேன்'னா. தனியா நின்னு தின்னா அது திங்கிறதா? கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன்.

காத்துன்னா காத்து! பனி பக்கவாட்டுல அடிக்குது. கடையில நடன விருந்துக்குப் போற ஒரு கும்பல், வால் கோட்டும் நீளக் கவுனுமா, கடுகுத் துவையலத் தொட்டுத் தின்னுட்டு நிக்கிறாங்க. நான் சும்மா இருக்கல... இல்லங்க, பெருமையாத்தான் சொன்னேன். 'இவ யாருன்னு நெனச்சீங்க? ஞாயித்துக்கிழம எங்க ஊர்ல தனிப்பாட்டே இவளுதுதான்'னேன். 'பாடுங்க, பாடுங்க'ன்னாங்க. இவ கழுத்தக் கைல மூடிக்கிட்டு மாட்டேங்கிறா. 'ரெண்டே வரிடி. சர்ச்சுல மட்டும் என்ன, அடுப்பா எரியப்போகுது?'ன்னேன்.

பாடினா.

எப்படிப் பாடினாங்கிறீங்க... கடக்காரன் இடுக்கியக் கீழ வெச்சிட்டான். குதிரவண்டிக்காரன் ஒருத்தன் தொப்பியக் கழட்டிட்டான். உதட்டு மேல பனி விழுது, கண்ண மூடிக்கிட்டு அவபாட்டுக்கு... இத்தன வருஷம் பக்கத்துல நின்னிருக்கேன், இவகிட்ட இவ்வளவு இருக்குன்னு எனக்கு...

சரி, அத விடுங்க. 'இன்னொண்ணு'ன்னு கத்தினாங்க. நானும் கை தட்டி 'இன்னொண்ணு'ன்னேன். எல்லாரும் தட்டுறப்ப நான் மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்கவா? இன்னொண்ணும் பாடினா. அப்புறம் ஒண்ணும்.

உள்ள போனா மஃப்ளர் கட்டினது கட்டினபடி இருக்கு. ஒருத்தர் தொடல! இதத்தாங்க நாகரிகம்னு சொல்றது. காலைல எந்திரிச்சா இவளுக்கு எண்ண போடாத கதவு மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரத்துல அதுவும் போச்சு. மருந்துக்கடக்காரம்மா வெளக்கடிச்சுப் பாத்துட்டு 'ஒரு வாரம் வாயே தொறக்காத'ன்னுட்டா. இவ அந்தம்மா கையப் புடிச்சிக்கிட்டு அழறா. நான் என்ன பண்ண முடியும்? குளிர நானா கொண்டாந்தேன்?

அலோய்ஸுக்கு யாராச்சும் சொல்லணுமில்ல? இவளால போன்ல பேச முடியாது. நான்தான் பண்ணேன், இவ மூஞ்சி கழுவப் போன நேரமாப் பாத்து. மனுசன் 'அய்யய்யோ, படிச்ச பாடகிக்கும் இனிமே சொல்லி அனுப்ப முடியாதே'ன்னு பதறிட்டாரு. 'பதறாதீங்க, அந்தப் பாட்டு எனக்குப் பாடம்'னேன். வேற யாரு இருக்கா, சொல்லுங்க? ஒரு அவசரம்னா யாராச்சும் தோள் குடுக்கணுமில்ல?

என்னங்க அப்படிப் பாக்குறீங்க? எப்பப் பாடம் பண்ணேன்னா... வீட்டுல, சும்மா, பாத்திரம் கழுவுறப்ப. எப்பலேர்ந்துன்னா... அவரு ரோஸ்விதா பேரச் சொன்னாரே, அன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்துதான். அதுல என்ன இருக்கு? பாட்டு யாருக்கும் எழுதி வெச்ச சொத்தா?

நான் போன்ல பேசினத இவ கேட்டுட்டா போல. திரும்பிப் பாக்குறேன், துண்டும் கையுமா கதவுகிட்ட நிக்கிறா. அப்ப மூடின மூஞ்சிதான்! நன்றின்னு ஒரு தலையசைப்பு உண்டா? பூசைய நின்னுபோகாம காப்பாத்தியிருக்கேன் நான்!

எடுப்பு மட்டும் கொஞ்சம் மேல போகணும், அதான் யோசன. பாடிக் காட்டவா? மெதுவாத்தான். கேட்டுட்டு உண்மையச் சொல்லணும், சரியா... லா... லாஆ...

என்னங்க, எந்திரிச்சிட்டீங்க? கழிவற அந்தப் பக்கம். பெட்டி எதுக்கு? நான் பாத்துக்கிறேனே, வெச்சிட்டுப் போங்க... ஏங்க! அங்க எங்க? அவ பக்கத்துலயா? அட, அங்க உக்காந்து என்ன பண்ணப்போறீங்க... அவகிட்ட ஒரு வார்த்த வாங்க முடியாதுங்க, இன்னும் ஒரு வாரத்துக்கு!