“வேண்டாம்” என்ற கட்டத்தை நான் அழித்தது குறித்து

என் பெயர் பொசிபொரி, வயது 29, தந்தை பெயர் நியாகுண்டி. கென்யா, நகுரு நகரம், லாங்கா லாங்கா பகுதியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். முதிசோ என்பவரின் மருந்துக்கடையில் நான்கு வருடங்களாகக் கணினிப் பதிவு வேலை செய்து வந்தேன்.

சென்ற மார்ச் மாதம் ஜெரோடிச் என்ற பெண் தன் இரண்டு வயது மகளுக்கு வலிப்பு மருந்து வாங்க வந்தார். மாதாமாதம் மருந்து தேவைப்பட்டதால் வாடிக்கையாளர் படிவம் கொடுத்தேன். அதன் கடைசிக் கட்டத்தில், விவரங்களை வெளியாருக்குத் தரலாமா என்ற கேள்விக்கு அவர் “வேண்டாம்” என்று எழுதினார். பிறகு என்னிடம், “அக்கா, இந்த நம்பர், விலாசம் எல்லாம் கடைய விட்டு வெளிய போகாதுல்ல? கிப்ளகாட், அதான் என் வீட்டுக்காரர், அவருக்குத் தெரியாமத்தான் இங்க இருக்கேன்” என்றார். அவர் நெற்றியில் தையல் போட்ட தழும்பு இருந்தது. வெளியே போகாது என்று நான் சொன்னேன்.

ஜூன் 10ஆம் தேதி முதிசோ என்னை அழைத்து, குழந்தைகளுக்கு மருந்து வாங்குவோரின் பட்டியலை ஒரு பால்மாவு விற்பனை நிறுவனத்துக்கு அனுப்பச் சொன்னார். அதற்குப் பதிலாக அவர்கள் கடைக்குப் புதிய குளிர்பெட்டி தருவதாக ஏற்பாடு. வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் வெளியாருக்குத் தருவது சட்டப்படி குற்றம் என்று அவ்வருடம் நடந்த பயிற்சியில் எங்கள் இருவருக்குமே சொல்லியிருந்தார்கள். எனவே, “வேண்டாம்னு எழுதினவங்கள எடுத்துட்டு அனுப்பவா சார்?” என்று கேட்டேன். “அப்புறம் பாதிப் பேரு கூட மிஞ்ச மாட்டாங்க. அந்தக் கட்டத்தையே அழிச்சுடு, வக்கீலம்மா” என்றார். என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அழிக்கும்போது ஜெரோடிச்சின் பெயர் என் கண்ணில் பட்டது. அந்த ஒரு வரியையாவது நான் நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. 340 பெயர்கள் அந்த நிறுவனத்துக்குப் போயின.

அதன் பிறகு நான்காம் நாள் காலை பத்தரை மணிக்குக் கடைக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் பால்மாவு நிறுவனத்தின் ஆள் என்றும், மாதிரி டப்பா கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி, “கிப்ளகாட் சம்சாரம் வீடு ரோண்டாவுல எந்தப் பக்கம்? வாசக் கேட்டு என்ன கலரு?” என்று கேட்டார். கணவர் பெயர் எங்கள் படிவத்தில் கிடையாது. தெரியாது என்று வைத்துவிட்டேன். உடனே ஜெரோடிச்சின் எண்ணுக்கு ஏழு முறை அழைத்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முதிசோவிடம் சொன்னபோது, “உனக்கு எதுக்கு ஊர் வம்பு? உக்காரு” என்றார். நான் உட்காரவில்லை. வெள்ளை மேலங்கியுடனேயே மட்டாட்டு வேனில் ஏறி, வண்டி நிற்கும் முன்பே ரோண்டா பகுதியில் இறங்கி, படிவத்தில் இருந்த விலாசத்துக்கு ஓடினேன்.

ஜெரோடிச் உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

“எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?”

“ஒரே ஒரு கம்பெனிக்குத்தான்.”

“அந்தக் கம்பெனி எத்தனை பேருக்குக் குடுத்துச்சு?”

தெரியாது என்றேன். அவர் அடுப்பை அணைத்து, குழந்தையை முதுகில் கட்டி, மருந்துப் புட்டியையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு, பின்பக்கச் சந்தில் நின்ற வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். சாவியை வீட்டு உரிமையாளரிடம் கொடுக்கச் சொன்னதால் நான் பின்தங்கினேன்.

பூட்டும்போது இருவர் வந்தனர். ஒருவர் தன்னை ஜெரோடிச்சின் கணவர் கிப்ளகாட் என்றார். மற்றவரின் குரலிலிருந்தே தொலைபேசியில் பேசியவர் என்று தெரிந்துகொண்டேன். அவர், “லிஸ்ட்ல பேரைப் பாத்ததுமே நம்ம ஊர்ப் பொண்ணுன்னு தெரிஞ்சுது. குடும்பத்தச் சேத்து வைக்கத்தான் பாத்தேன்” என்றார். கிப்ளகாட் கதவை உதைத்துத் திறந்து, அடுப்பின் மேல் கை வைத்துப் பார்த்து, “சூடு ஆறல. எங்க அவ?” என்று கேட்டார். நான் பதில் சொல்லாததால் என் வலது கையைப் பிடித்து முறுக்கினார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அக்கம்பக்கத்தார் கூடியதும் இருவரும் போய்விட்டனர்.

மறுநாள் முதிசோ மருத்துவமனைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் எல்லோரும் சம்மதித்ததாக முன்தேதியிட்ட தாளில் கையெழுத்துக் கேட்டார். மறுத்துவிட்டேன். வேலையும் போயிற்று. கட்டம் அழிக்கப்படாத பழைய பட்டியலின் நகலை இத்துடன் ஒப்படைக்கிறேன். அந்தக் கட்டத்தை அழித்தது என் கை என்பதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஜெரோடிச் இப்போது இருக்கும் இடம் எது என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி மூன்று முறை கேட்டார். நேற்று புதிய எண்ணிலிருந்து அவர் என்னிடம் பேசினார். குழந்தைக்கு மருந்து கிடைத்துவிட்டது. இடம் எனக்குத் தெரியும். அதை இந்தத் தாளிலோ வேறு எந்தத் தாளிலோ எழுதத் தர எனக்குச் சம்மதம் இல்லை. அவரே விரும்பினால் வந்து சொல்வார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. வலது கையில் கட்டு இருப்பதால் இடது கையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பொசிபொரி