பின் சக்கரம் ஆடின கதை

கொஞ்சம் இருங்க... இன்னைக்குப் பேசச் சொல்லி எனக்குக் குடுத்த தலைப்புக்குத் திரும்ப வரேன். அதுக்கு முன்னால ஒரு சின்னக் கதை. முன் வரிசை நாற்காலியில கால் மேல கால் போட்டிருக்கீங்களே ஐயாமாரே, உங்களுக்குத்தான்!

சாத்தூர்ப் பக்கம் குருவையான்னு ஒருத்தர். தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி. அவர் சம்சாரம் சீத்தாலட்சுமி, பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிற அம்மா. தினமும் இவர் பைக்ல பின்னாடி உட்கார்ந்து போகும். நாலு மைல்.

ஒருநாள் வளைவுல திரும்பும்போது பின் சக்கரம் லேசா ஆடுது. உடனே நம்மாளு கண்டுபிடிச்சுட்டார்!

"ஏட்டி, நீ ஒருபக்கமா உட்கார்றல்ல... அதான் ஆடுது!"

சரின்னு அந்தம்மா நாற்பத்தஞ்சு வயசுல முதல்முதலா சுடிதார் தைச்சு, ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துச்சு. அப்பவும் ஆடுது.

"நீ தடிச்சுட்ட!"

ராத்திரிச் சோத்தை விட்டுச்சு. அப்பவும் ஆடுது. "இறங்கு! வண்டியே உனக்கு ஆகாது!"

இறக்கிவிட்டுட்டார்யா! அந்த ரூட்ல காலையில பஸ் கிடையாது. நாலு மைல் நடை. ரெண்டு நாள் லேட். "இன்னொரு நாள் லேட்டா வந்தா வேற ஆளைப் போட்டுருவோம்"னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார். அந்தம்மா விடியறதுக்கு முன்னாடியே கிளம்புது. பின்னாலயே நம்ம மகாராசா தனியா பைக்ல வரார்... கிட்ட வந்ததும் என்ன செய்வார் தெரியுமா? ஏத்திக்குவாரா? ஆரன் அடிப்பார்! ஒதுங்கணுமாம்!

அந்த ஆரனைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஒருநாள் அதே வளைவு. பின்னாடி யாருமில்ல. இந்தத் தடவை வண்டி ஒரே வெட்டா வெட்டி, ஐயா கருவேல முள்ளுக்குள்ள! எந்திரிச்சதும் என்ன சொன்னார்? "அவ வயித்தெரிச்சல்!" ...இதுக்கு மேல என்னத்தைச் சொல்ல?

முள்ளைப் பிடுங்கிக்கிட்டே, வண்டியைத் தள்ளிக்கிட்டு மெக்கானிக் சேசுராஜ் கடைக்குப் போனார்.

"புது டயர் மாத்துப்பா. ரெண்டு ஷாக் அப்சார்பரும் மாத்து."

சேசுராஜ் ஸ்பானரைக் கூட எடுக்கல. சென்டர் ஸ்டாண்டு போட்டார். ஒரு கையால பின் வீலைப் பிடிச்சு இடமும் வலமுமா அசைச்சார். டொக்... டொக்... இன்னொரு கையை ஒவ்வோர் இடமா வச்சுப் பார்த்தார். ஷாக் அப்சார்பர்ல ஆட்டமில்ல. வீல் பேரிங்ல ஆட்டமில்ல. சக்கரத்தைத் தாங்குற அந்த ரெண்டு இரும்புக் கை வண்டி பாடியில வந்து சேருதே, அந்த ஸ்விங் ஆர்ம்... அங்க கை வச்சதும் விரல்ல இடிக்குது.

"அண்ணாச்சி, உள்ள ஆட்டமில்லாமப் பிடிச்சு வைக்கிற வளையம், புஷ்ஷு, தேஞ்சு போச்சு. கிரீஸ் வச்சு எத்தனை வருஷமாச்சு?"

"டேங்குக்குத் தினமும் பாலிஷ் போடுறேன்ல!"

"பாலிஷ் கண்ணுக்குத் தெரியுற இடத்துக்கு. ஆட்டம் அங்கயா இருக்கு? பின்னாடி யார் உட்கார்ந்தாலும் இது ஆடும் அண்ணாச்சி. யாருமே உட்காராட்டியும் ஆடும்."

புது புஷ் போட்டாச்சு. மறுநாள் காலையில பாதி வழியில சம்சாரத்துக்கிட்ட வண்டியை நிறுத்தினார். மன்னிப்பா? அதெல்லாம் அவர் பரம்பரைக்கே பழக்கமில்ல. "ஏறு, சரியாயிருச்சு"ன்னார், என்னமோ வரம் குடுக்குற மாதிரி.

அந்தம்மா நிக்கவே இல்ல. "எனக்கு நடந்து பழகிருச்சுங்க. நீங்க ஆரன் அடிக்காமப் போங்க, அது போதும்."

சிரிக்கிறீங்க... சிரிங்க! குடும்பம் ஆடுது, பிள்ளை படிப்பு ஆடுது, உடனே திரும்பிப் பின்னாடி இருக்கிறவளை முறைக்கிறீங்களே... ஒருநாள், ஒரே ஒருநாள், வண்டியை நிறுத்தி உள்ளே கை வச்சுப் பார்த்திருக்கீங்களா? அஞ்சு நிமிஷ வேலைய்யா! அதுக்கு ஒரு பொம்பளை நாலு மைல் நடக்கணுமா?

இன்னைக்கு இந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேர் பைக்ல வந்தீங்க? அதுல எத்தனை பேர் வீட்டம்மா நடந்து வந்தாங்க?

...வேண்டாம், கையைத் தூக்க வேண்டாம். பின்னாடி பாய்ல உட்கார்ந்திருக்காங்களே, அவங்களுக்குத் தெரியும்.